மூன்றாம் மாடிக்கு ஒரு பாக்கி இருக்கிறது

காத்தலோனியா ஸ்பெயினிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டும் என்று 2015-இல் 'ஜுன்ட்ஸ் பெல் சீ' பட்டியலில் ஒன்றாக நின்ற எல்லோருக்கும், இன்று ஜுன்ட்ஸ் என்றும் எஸ்கெர்ரா என்றும் பிரிந்து நிற்கும் இரண்டு கட்சிகளின் தலைமைக்கும்,

வணக்கம். பார்சிலோனாவில் சான்ட் அந்திரேயு பகுதியில் குடியிருக்கும் ஒரு தமிழன் எழுதுகிறேன். 2011-இல் இங்கே வந்தேன். சரக்குக் கிடங்கு ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. கையில் இருப்பது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் என்பதால் உங்கள் நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு வாக்கு கிடையாது. ஆனால் வரி கட்டுகிறேன். என் மகள் இங்கேதான் பிறந்தாள், காத்தலான் மொழியில்தான் படிக்கிறாள்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடையிலும் பள்ளிக்கூடத்திலும் பேசுகிற அளவுக்கு உங்கள் மொழி எனக்கு வரும். மனசில் இருப்பதை முழுசாகச் சொல்லுகிற அளவுக்கு வராது. அதற்கு அவரவர் மொழிதான் வேண்டும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மகள் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நடந்தவை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் மொழியில் படிக்கிறவர்களுக்காகச் சில இடங்களில் விவரமாகச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முன்னால் ஒரு வாக்குச்சீட்டு இருக்கிறது. 2015 செப்டம்பர் 27 காத்தலோனிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு உங்கள் கூட்டணி அச்சடித்தது. எங்கள் ஊரைப் போலச் சின்னத்தில் பொத்தானை அமுக்குவது இங்கே கிடையாது. ஒவ்வொரு கட்சிக்கும் தனித் தாள். அதில் வேட்பாளர்களின் முழுப் பட்டியல் இருக்கும். எந்தக் கட்சி வேண்டுமோ அந்தத் தாளை உறையில் போட்டுப் பெட்டியில் இட வேண்டும். தேர்தலுக்கு முன்பே கட்சிகள் தாள்களை வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிடும். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டி அப்படி வந்த ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு, இன்னொன்றை மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். போன வருடம் அதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பார்சிலோனா மாகாணத்துக்கு 85 இடம் என்பதால் தாள் நிறையப் பெயர்கள். முதல் பெயர் ராவூல் ருமேவா. பசுமை இடதுசாரிகளோடு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இருந்து, பிறகு அந்தக் கட்சியை விட்டு வந்தவர். இரண்டாவது கார்மே ஃபுர்காதெல். சுதந்திரம் கேட்ட மக்கள் அமைப்பின் தலைவராக, 2014 செப்டம்பர் 11 அன்று மேடையிலிருந்து காத்தலோனிய ஆட்சித் தலைவரைப் பார்த்து, "வாக்குப்பெட்டிகளை வையுங்கள்" என்று கேட்டாரே, அவர். மூன்றாவது மூரியல் கசால்ஸ், பொருளியல் பேராசிரியர், ஓம்னியும் பண்பாட்டு அமைப்பின் தலைவராக இருந்தவர். அப்போது ஆட்சியில் இருந்த ஆர்தூர் மாஸின் பெயர் நான்காவதாகத்தான் வருகிறது. எதிர்க்கட்சியான எஸ்கெர்ராவின் தலைவர் ஒரியோல் ஜுங்கேராஸ் ஐந்தாவது. எல்லாப் பெயரும் முடிந்த கடைசி இடத்தில் கால்பந்துப் பயிற்சியாளர் பெப் குவார்டியோலா. ஜிரோனாவில் பட்டியலுக்குத் தலைமை பாடகர் லூயிஸ் லாக், தர்ரகோனாவில் பொருளியல் அறிஞர் ஜெர்மா பெல். தெற்கு ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து, ஸ்பானியம் பேசும் சுதந்திர ஆதரவாளர்களை 'சூமாதே' என்ற அமைப்பாகத் திரட்டிய எதுவார்தோ ரேயெஸும் உங்கள் பட்டியலில் நின்று ஜெயித்தார்.

ஆட்சியில் இருக்கும் தலைவர் நாலாவது இடத்துக்கு இறங்கிக்கொண்டதையும், அவருடைய போட்டியாளர் அவருக்கு அடுத்து நின்றதையும், கட்சியே இல்லாத மூன்று பேரை இருவரும் தங்களுக்கு முன்னால் நிறுத்தியதையும் நான் அதற்கு முன்பு எங்கேயும் பார்த்ததில்லை. சுலபமாக நடந்துவிடவில்லை அது. மாஸின் கொன்வெர்ஜென்சியா, மருத்துவத்திலும் கல்வியிலும் செலவை வெட்டிய கட்சி. அதை உருவாக்கிய ஜோர்தி புஜோல், வெளிநாட்டில் கணக்கில் காட்டாத பணம் இருந்ததாக 2014-இல் தானே ஒப்புக்கொண்டிருந்தார். எஸ்கெர்ராவுக்கே காலமெல்லாம் வாக்களித்தவர்களுக்கு அந்தத் தாள் தொண்டையில் சிக்குகிற மாதிரிதான் இருந்திருக்கும். பாட்டி என்னிடம் சொன்னார்: "நாலாவது பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் உறைக்குள் போட்டேன்."

பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் இங்கே ஃபாப்ரா இ கோட்ஸ் நூல் ஆலையில் வேலை பார்த்தவர். காத்தலானுக்கு இடம் தராத சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்துப் பள்ளிக்கூடம் என்பதால் வீட்டில் பேசிய காத்தலானை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வழியில்லை. நாற்பது வயதுக்கு மேல், பிள்ளைகளை வளர்த்த பிறகு, மாலை வகுப்புக்குப் போய்த் தன் தாய்மொழியில் எழுதக் கற்றார். இப்போதும் கடைக்குக் கொண்டுபோகும் சாமான் சீட்டை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத்தான் எழுதுவார். உங்கள் கூட்டணி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கையெழுத்துதான்.

எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2014 நவம்பர் 9-இல் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்பில், மூன்று வருடம் தங்கியிருந்த வெளிநாட்டவருக்கும் இடம் கொடுத்தீர்கள். பெட்டி அட்டைப்பெட்டிதான். கேள்வி இரண்டு: காத்தலோனியா ஒரு அரசாக வேண்டுமா, ஆம் என்றால் அது சுதந்திர அரசாக வேண்டுமா. பதினாறு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று இரண்டுக்கும் ஆம் போட்டேன். இந்த மண்ணில் நான் போட்டிருக்கும் ஒரே வாக்கு அது. சட்டப்படி அதற்கு மதிப்பில்லை என்று தெரியும். இருந்தாலும் அன்றைக்கு வீடு திரும்பும்போது இது என் ஊர் என்று தோன்றியது. ஆகவே எதிரியாக நின்று இதை எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2015 தேர்தலை நீங்கள் சாதாரணத் தேர்தல் என்று சொல்லவில்லை. பொது வாக்கெடுப்பை மாட்ரிட்டில் இருக்கும் ஸ்பெயின் அரசு அனுமதிக்காது, ஆகவே இந்தத் தேர்தலே வாக்கெடுப்பு என்றீர்கள். ஜெயித்தால் 18 மாதத்தில் அரசுக் கட்டமைப்புகளைத் தயார் செய்து சுதந்திரம் என்றீர்கள். 135 இடங்களில் உங்களுக்கு 62 கிடைத்தது. வாக்கு 16,28,714, சதவீதத்தில் 39.6. சுதந்திரம் கேட்கும் இன்னொரு இடதுசாரிக் கட்சியான கூப்பின் 10 இடங்களையும் சேர்த்தால் 72, அதாவது பெரும்பான்மை. ஆனால் இரண்டு பட்டியலின் வாக்கையும் சேர்த்தாலும் 47.8 சதவீதம்தான்.

வாக்கெடுப்பு என்றால் இடங்களை எண்ணக்கூடாது, தலைகளை எண்ண வேண்டும். கூப்பின் முதல் வேட்பாளர் அந்தோனியோ பான்யோஸ் அதை ஒளிக்கவில்லை. வாக்கெடுப்பாகப் பார்த்தால் ஜெயிக்கவில்லை, ஆகவே உடனடியாக ஒருதலைப்பட்ச அறிவிப்பு கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னார். நீங்கள் மேடையில் வெற்றி என்றீர்கள். நவம்பர் 9-ஆம் தேதி 72-க்கு 63 என்று சுதந்திரத்தை நோக்கிய தொடக்கத் தீர்மானத்தை நிறைவேற்றினீர்கள்.

அந்த 47.8 என்ற எண்ணை நீங்கள் யாரும் மக்கள் முன்னால் எடுத்துவைத்து, இதை என்ன செய்யலாம் என்று கேட்டதே இல்லை. என் மனக்குறையெல்லாம் இதுதான்.

என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் பார்சிலோனாவை ஒட்டிய கொர்னெல்யாவைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தா பாட்டி தெற்கு ஸ்பெயினில், ஆந்தலூசியாவின் ஹாயேன் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் அந்தத் தேர்தலில், பிரிவதை எதிர்க்கும் சியுதாதான்ஸுக்கு வாக்களித்தார். அந்தக் கட்சிக்கு 25 இடம் கிடைத்தது, இரண்டாவது பெரிய கட்சியானது. அவர் மாட்ரிட்டின் அடிவருடி இல்லை. அவர் மகன் காத்தலானில் கதை எழுதிப் பள்ளியில் பரிசு வாங்கியவன். சாப்பாட்டு நேரத்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார்: "காத்தலோனியாவின் தன்னாட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்த 135-இல் 90 பேர் கை தூக்க வேண்டும். நாட்டையே பிரிப்பதற்கு 72 போதுமா?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து உங்கள் கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

மாட்ரிட் செய்தது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. 2006-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற தன்னாட்சிச் சட்டத்தை 2010-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வெட்டியதில்தான் இதெல்லாம் தொடங்கியது. பேச வாருங்கள் என்ற குரலுக்குக் கதவு திறக்கவே இல்லை. 2017-இல் வாக்குச்சாவடியில் நின்றவர்கள் மேல் தடியடி நடத்தியதற்கும், விசாரணை முடியும் முன்பே மாதக்கணக்கில் சிறையில் வைத்ததற்கும் அவர்களுக்கு எழுத வேண்டிய மடல் தனி, இதைவிட நீளம். ஆனால் பாட்டி வாக்களித்தது அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு.

அப்புறம் அந்த 18 மாதம். முதல் மூன்று மாதம் யார் தலைவர் என்பதிலேயே போயிற்று. மாஸை ஏற்பதா என்று சபதெய்யில் கூடிய கூப் கட்சிக் கூட்டத்தில் 1515-க்கு 1515 என்று சமமாக நின்றதை ஊரே நம்ப முடியாமல் பார்த்தது. 2016 ஜனவரி 10-ஆம் தேதி, கெடு முடியச் சில மணி நேரம் இருக்கும்போது, ஜிரோனா மேயராக இருந்த கார்லஸ் புஜ்டமோன் ஆட்சித் தலைவரானார். அடுத்த மாதமே மூரியல் கசால்ஸ் போய்விட்டார். தெருவைக் கடக்கும்போது சைக்கிள் மோதி, இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து இறந்தார். அவர் இருந்திருந்தால் அந்த 47.8-ஐப் பற்றி யாராவது பேசியிருப்பார்களோ என்று பாட்டி இன்னும் சொல்வார். அவர்மேல் பாட்டிக்கு அவ்வளவு நம்பிக்கை.

2017 செப்டம்பர் 6, 7 தேதிகளில் நீங்கள் இரண்டு சட்டங்களை நிறைவேற்றிய விதம் எனக்கு இன்னும் வலிக்கிறது. அக்டோபர் 1-இல் சுதந்திர வாக்கெடுப்பு நடத்த ஒன்று, பிரிந்தபின் வரும் இடைக்காலத்துக்கு இன்னொன்று. நாடாளுமன்றத்தின் சட்ட அலுவலர்களே எச்சரித்தும் அவசர அவசரமாக நிறைவேற்றினீர்கள். எதிர்க்கட்சியினர் எழுந்து போனபின் பாதி காலியான அவையில் வாக்கெடுத்தீர்கள். வாக்கெடுப்பு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த இடதுசாரி உறுப்பினர்களில் சிலரே உங்களை எதிர்த்துப் பேச வேண்டி வந்தது. மாட்ரிட்டை எதிர்த்து ராத்திரி பத்து மணிக்குப் பால்கனியில் நின்று பாத்திரம் தட்டிய எங்கள் தெருவில், தட்டாத வீடுகளின் ஜன்னல்கள் அந்த மாதத்தில்தான் மூடத் தொடங்கின. கொர்னெல்யா நண்பர் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு அரசியல் பேசுவதை நிறுத்தியதும் அப்போதுதான். அந்த அக்டோபர் 1 வாக்கெடுப்பில், அட்டைப்பெட்டிக் காலத்தில் இருந்த இடம் என்னைப் போன்ற வெளிநாட்டவருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாக்கு இல்லாவிட்டாலும் முந்தின இரவு வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கட்டடத்தைப் போலீஸ் பூட்டிவிடக் கூடாது என்று பெற்றோர்கள் தூங்கும் பைகளோடு உள்ளேயே தங்கியிருந்தார்கள். பாட்டி எண்பது வயதில் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். விடியுமுன் மழை தூறியது. வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, கறுப்பு மூடி. அது எங்கிருந்து, யார் கையில் வந்தது என்று தெரியாது, யாரும் கேட்கவில்லை. பெட்டி உள்ளே வந்தபோது கைதட்டக்கூட இல்லை, எல்லோரும் அழுதார்கள். நாங்கள் இருந்த பள்ளிக்குப் போலீஸ் வரவில்லை. மற்ற இடங்களில் நடந்ததை உலகமே பார்த்தது. ஊரிலிருந்து நண்பர்கள் போன் செய்து நீ பத்திரமா என்று கேட்டார்கள்.

22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், 90 சதவீதம் ஆம். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களில் வந்தது 43 சதவீதம். இந்த எண்ணையும் பாதி மட்டும்தான் சொன்னீர்கள்.

அக்டோபர் 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை 70 வாக்கில் குடியரசை அறிவித்தீர்கள். மறுநாள் பாட்டியைக் கூட்டிக்கொண்டு சான்ட் ஜௌமே சதுக்கத்துக்குப் போனேன். மெட்ரோவில் போகும் வழியெல்லாம் அவர் கையிலிருந்த கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே வந்தார். ஆட்சி மாளிகையின் மேல் நேற்றிருந்த அதே இரண்டு கொடிகள். ஸ்பானியக் கொடி இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "மறந்திருப்பார்களோ?" என்று கேட்டார். திங்கட்கிழமை புஜ்டமோன் பிரஸ்ஸல்ஸில் இருந்தார். அந்த வாரமே ஜுங்கேராஸும் இங்கேயே இருந்த மற்ற அமைச்சர்களும் சிறைக்குப் போனார்கள்.

உங்கள் அமைச்சரவையில் கல்வித் துறையைப் பார்த்த கிளாரா பொன்சாதி மறுவருடம் லண்டனில் பேசும்போது, நாங்கள் சீட்டாட்டத்தில் கையில் சீட்டில்லாமல் மிரட்டிப் பார்த்தோம் என்கிற பொருளில் சொன்னார். அவர் உண்மையைச் சொன்னார், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பாட்டி அந்தச் செய்தியைப் படித்த அன்று என் வீட்டுக்கு வரவில்லை, நான் கதவைத் தட்டியும் திறக்கவில்லை. பாட்டி அந்தப் பள்ளியில் மடக்கு நாற்காலியோடு காவல் இருந்தவர்களில் ஒருத்தி. மேசையில் வைத்த பந்தயப் பணம் அவர்தான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

நீங்கள் கொடுத்த விலையை நான் மறக்கவில்லை. ஜுங்கேராஸுக்கு 13 வருடத் தண்டனை, ருமேவாவுக்கு 12, ஃபுர்காதெல்லுக்கு 11 வருடம் 6 மாதம். 2021-இல் மன்னிப்பு வரும்வரை உள்ளே இருந்தீர்கள். அதற்காகத்தான் சான்ட் அந்திரேயு பால்கனிகளில் மஞ்சள் நாடா வெயிலில் வெளுக்கும்வரை தொங்கியது. ஆனால் சிறைக்குப் போனது ஒரு கணக்கு, வாக்காளருக்குச் சொல்ல வேண்டியது இன்னொரு கணக்கு. முதலாவதைச் செலுத்தியதால் இரண்டாவது தீர்ந்துவிடாது.

2017 டிசம்பர் தேர்தலில் தனித்தனியாக நின்றீர்கள். 34-ம் 32-ம் சேர்த்து 66, ஒன்றாக நின்றபோது கிடைத்த 62-ஐவிட அதிகம். ஆகவே ஒரே பட்டியல் இருந்தால் இடம் கூடும் என்று இன்றைக்கு மேடையில் பேசுகிறவர்கள் தயவுசெய்து கணக்குப் பார்க்கட்டும். அந்தப் பட்டியல் கொடுத்தது இடங்களை இல்லை. கட்டைவிரலால் ஒரு பெயரை மறைத்துக்கொண்டாவது ஒரே தாளை எடுக்கலாம் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது.

அது எங்கே போயிற்று என்று பாருங்கள். 2021-இல் முதல்முறையாகச் சுதந்திர ஆதரவுக் கட்சிகளுக்கு 50 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது என்று கொண்டாடினீர்கள். வாக்களிக்க வந்ததோ பாதிப்பேர். உங்கள் இரண்டு கட்சியின் வாக்கு 2015-ஐவிடச் சுமார் நாலரை லட்சம் குறைவு. 2022-இல் ஜுன்ட்ஸ் ஆட்சியிலிருந்து வெளியேறியது. 2024-இல் ஜுன்ட்ஸ் 35, எஸ்கெர்ரா 20, கூப் 4. பெரும்பான்மை போயிற்று, சோஷலிஸ்ட் கட்சியின் சல்வதோர் இய்யா தலைவரானார். பாட்டி அந்தத் தேர்தலில் வாக்களிக்கப் போகவில்லை. ஃபிராங்கோ போன பிறகு அவர் தவறவிட்ட முதல் தேர்தல் அதுதான். கால்வலி என்றார். அதே கால்களோடு அன்று மதியம் சந்தைக்குப் போய் வந்தார்.

நீங்கள் விட்டுப்போன இடத்தில் வேறு பயிர் முளைத்துவிட்டது. அதே தேர்தலில் ரிபோய் மேயர் சில்வியா ஓரியோல்ஸின் அலியான்சா காத்தலானா கட்சி இரண்டு இடத்தோடு நாடாளுமன்றத்துக்குள் வந்தது. அவர்களும் சுதந்திரம் என்கிறார்கள், சுதந்திர ஆதரவாளர்களின் அதே நட்சத்திரக் கொடியைப் பிடிக்கிறார்கள். முக்கியமாக முஸ்லிம்களையும், பொதுவாக எங்களைப் போல வந்தவர்களையும் காட்டி வாக்குக் கேட்கிறார்கள். இங்கே வாழ்ந்து இங்கே வேலை செய்கிறவர் காத்தலான்காரர் என்று ஒரு சொல் இந்த ஊரில் உண்டு, நான் வந்த புதிதில் அதை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2014-இல் அந்தக் கொடி என் பால்கனியிலும் தொங்கியது. போன வருடம் பள்ளியிலிருந்து வந்த மகள், "அப்பா, நட்சத்திரம் போட்ட கொடி இருக்கிறவங்க நம்மளைப் பிடிக்காதவங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எதுவார்தோ ரேயெஸைப் பட்டியலில் வைத்திருந்த காலத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் இந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். அவள் குவார்டியோலா பெயரை மட்டும்தான் அடையாளம் கண்டுபிடித்தாள்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மறுபடி ஒற்றுமை, ஒரே பட்டியல் என்று பேசத் தொடங்கும் முன், அந்த 18 மாதங்களின் கணக்கை இரண்டு கட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சொல்லுங்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லும் புத்தகங்கள் போதும், எல்லாம் வந்துவிட்டன. எந்தக் கட்டமைப்பு தயாராக இருந்தது, எது இல்லை, இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை. 47.8-ஐ ஏன் போதும் என்று எடுத்துக்கொண்டீர்கள். கொர்னெல்யாவில் இருக்கும் மற்றவர்களிடம் என்ன சொல்ல நினைத்திருந்தீர்கள். இதைத் தொலைக்காட்சி விவாதத்தில் சொல்லாதீர்கள். ஊர் ஊராகப் போய், கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். மேடையில் ஏறாமல், அவர்கள் உட்காரும் உயரத்திலேயே நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

சான்ட் அந்திரேயுவில் அதற்கு இடம் இருக்கிறது. பாட்டி வேலை பார்த்த அதே நூல் ஆலை இப்போது பண்பாட்டு மையம். கொர்னெல்யா நண்பரிடம் வருவீர்களா என்று நேற்றுக் கேட்டேன். அவர்கள் வந்தால் நானும் வருகிறேன் என்றார். பாட்டிக்கு இப்போது மாடியிறங்குவது உண்மையாகவே கஷ்டம், எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நீங்கள் தேதியைச் சொல்லுங்கள், நானும் மகளும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவரைக் கூட்டி வந்துவிடுகிறோம். மடக்கு நாற்காலி இன்னும் அவரிடம் இருக்கிறது.

அன்புடன்,
சான்ட் அந்திரேயுவிலிருந்து ஒரு தமிழன்